பேராதனையில் கழற்றப்படும் பொட்டு

மானிடவியல் கற்பிப்பவருக்கு நேரும் முதல் இடர், பண்பாடு என்றால் என்னவென்று வகுப்பிலுள்ள அனைவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். கண்டி நகரில் வாடகை மண்டபமொன்றில், வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்போருக்கு வார இறுதிகளில் அப்பாடத்தை நடத்திவருகிறேன். கரும்பலகை முன் நின்று தொண்டை வற்றியவர்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை.

இனமையவாதம்

முதல் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் தத்தம் பண்பாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டேன். பரதநாட்டியம், பொங்கல், தாலி எனப் பட்டியல் நீண்டது. கலஹாத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வரும் யோகேஸ்வரி மட்டும் தம் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார். அவர் கண்டியில் புடவைக் கடையொன்றில் விற்பனையாளர். ஆசிரியர் நியமனத்துக்குரிய வயதெல்லையை நெருங்கிவிட்டவர். இம்முறை தேறாவிட்டால் மறு வாய்ப்பில்லை.

தம் வழக்கத்தை அளவுகோலாக்கிப் பிறரை அளப்பதே இனமையவாதம் என்று நான் விளக்கி முடித்ததும், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவர் யோகேஸ்வரிக்கு ஆறுதல் கூறினார்: "யோசியாதேங்கோ தங்கச்சி, தோட்டத்தில கலாசாரம் இல்லாட்டி அது உங்கட பிழை இல்லைத்தானே."

கற்கப்படுவது, பகிரப்படுவது

பண்பாடு பிறப்பில் வருவதன்று. பார்த்துக் கற்கப்படுவது, குழுவினரால் பகிரப்படுவது, பெரும்பாலும் சொல்லப்படாதது. இதற்கு யோகேஸ்வரி பட்டத்துக்கான தம் ஆய்வேட்டில் தந்த சான்றை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. கலஹாவிலிருந்து வேலைக்கு வரும் கடைப் பெண்கள், பேராதனையில், சிங்களப் பயணிகள் நிறைந்த கண்டி பஸ்ஸுக்கு மாறுமுன், ஒட்டுப்பொட்டைக் கழற்றிக் கைபேசியின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். மாலையில் அதே இடத்தில் அது நெற்றிக்குத் திரும்புகிறது. புதிதாகச் சேர்பவர் இரண்டாம் நாளே அப்படிச் செய்கிறார்.

"முதலாளி சொன்னாரா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலைங்க மிஸ். சொல்லியிருந்தா சண்டை புடிச்சிருப்போம்."

பண்பாட்டுக் கூறுகள்

முதல் வரைவைப் படித்த பரீட்சகர் எங்கள் இருவரையும் அழைத்தார். கூத்து இல்லை, சடங்கு இல்லை, பாட்டு இல்லை என்று விரல்விட்டு எண்ணினார். பின்னர், "பொட்டு வைக்கிறது பண்பாடு, கழட்டுறது பொலிஸ்ல குடுக்கிற முறைப்பாடு. வேற தலைப்பு எடுங்க" என்று கோப்பை மூடினார்.

யோகேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் வாதிட்டிருக்கலாம். வயதெல்லையை நினைத்து, முதலில் தேறுங்கள், சொல்ல வேண்டியதைப் பிறகு சொல்லலாம் என்றேன். மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து என்னும் தலைப்பையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை.

"சரிங்க மிஸ். எங்க தோட்டத்துல அத ஆடி நான் பார்த்ததே இல்ல. யூடியூப்ல பார்த்து எழுதிடுறேன்."

தகவமைதல்

முதல் தரத்தில் தேறினார். தெல்தெனியப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையொன்றில் நியமனமும் கிடைத்தது. லட்டுப் பெட்டியுடன் மஹய்யாவையிலுள்ள என் வீட்டுக்கு வந்தவர், கலை விழாவுக்குக் காமன் கூத்துப் பழக்கும் பொறுப்பைத் தம்மிடமே ஒப்படைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். படங்களைக் காட்டக் கைபேசியைத் திருப்பியபோது, அதன் பின்புறத்தில் ஒரு மெரூன் பொட்டு இருந்தது. பாடசாலை வாசலில்தான் அது நெற்றிக்கு ஏறுமாம்.

"தெல்தெனிய பஸ்ஸிலுமா?" என்றேன்.

"அங்கயும் யாரும் சொல்லலைங்க மிஸ்."

பண்பாடு கற்பிக்கப்படுகிறது என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் நான் நடத்திக்காட்டிய ஒரே செய்முறை வகுப்பு, அவருடைய ஆய்வேட்டிலிருந்து பொட்டைக் கழற்றச் சொன்னதுதான்.