ஐஸில் புதைத்த ஊசி

சாம்பல்தீவுப் பாலத்தில் எனக்காக ஒரு பஸ் மெதுவானது. கையை ஆட்டிப் போகச் சொன்னேன். அக்கா வீட்டிலிருந்து நடந்தே போவதுதான் சரியென்று பட்டது. அவள் வாசல் படலைவரை வரவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து நான் ஓரிடத்தில் தங்கியதில்லை. படகு, லொறி, கட்டிட வேலை. எதுவும் இல்லாதபோது அக்கா வீடு. அவள் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்பவள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. முழங்கால் உடம்பைத் தாங்காமல், குசினியில் கதிரை போட்டு இருந்தபடி சமைத்தாள். கிழமைக்கொரு தடவை போடும் ஊசி ஒன்றை டொக்டர் எழுதினார். பசி அடங்கும், நிறை குறையும், சீனியும் இறங்கும். ஆனால் குமட்டிச் சத்தி வரும், வயிறு குழம்பும். அரிதாகக் கணையம் வீங்கும், முதுகுவரை வலித்தால் உடனே வரவேண்டும். நிறுத்தினால் நிறை திரும்பலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

“தம்பி, நீ என்ன சொல்றாய்?” என்று திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டாள். “சமைக்கிறவளுக்குக் கறி மணமே பிடிக்காமல் போனால்?”

“முழங்காலும் போனால் என்ன செய்வியள் அக்கா? போடுங்கோ.”

“உனக்கென்ன, சத்தி எடுக்கிறது நானெல்லோ.”

சில நாள் யோசித்துவிட்டுப் போட்டாள். வெங்காயம் வதங்கும் மணத்துக்கே பின்பக்கம் ஓடினாள். உப்புப் பார்ப்பது என் வேலையானது. “உன்ர நாக்கை நம்பி ஊரே தண்ணி குடிக்குது” என்று வாயைத் துடைத்தபடி சிரிப்பாள். மெல்ல மெல்லச் சத்தி நின்றது. சட்டைகள் தொளதொளத்தன. ஒருநாள் அந்தக் கதிரையைத் தூக்கி வெளியே போட்டாள்.

அடுத்த ஊசியை வாங்க என்னை அனுப்பினாள். பேனா போன்ற ஊசி. ஒன்று பல கிழமைக்கு வரும். “குளிரில கொண்டுபோங்கோ, உறைய விடாதேங்கோ” என்றார் பாமசிக்காரர். முதல் பாதிதான் என் மண்டையில் ஏறியது. மீன் சந்தையில் நொறுக்கிய ஐஸ் வாங்கி, மீன் கொண்டுபோகும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் கீழும் மேலும் போட்டுப் புதைத்தேன். ஐஸ் கூடிப்போச்சு என்று படகில் யாரும் ஏச்சு வாங்கியதில்லை.

வீட்டில் திறந்தபோது மருந்து கட்டியாக இருந்தது. அக்கா அயலில் பார்சல் கொடுக்கப் போயிருந்தாள். ஊசியை மதிலில் வெயிலுக்கு வைத்தேன். உருகியதும் பழையபடி தெளிவாகத்தான் தெரிந்தது. பிரிட்ஜில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அதைத்தான் அவள் கிழமை தவறாமல் குத்தினாள். பசி திரும்பியது. கதிரையும் குசினிக்குள் திரும்பியது.

“என்ர உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு போல. அளவைக் கூட்டச் சொல்லிக் கேக்கப்போறன்” என்று சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் சொன்னேன்.

அவள் டொக்டருக்குப் போன் எடுத்தாள். அந்த ஊசியை எறியச் சொன்னார். சில கிழமை நல்ல மருந்து உடம்பில் ஏறாததால் பழையபடி சின்ன அளவிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். பட்ட சத்தியை அவள் இன்னொருமுறை படவேண்டும்.

“உறைஞ்சதைக் கண்டனீதானே?”

“ஓம்.”

“கண்டுபோட்டு, நான் குத்தேக்க பாத்துக்கொண்டு நிண்டனீ.”

அவள் பிரிட்ஜிலிருந்து அந்த ஊசியை எடுத்து எறிந்தாள்.

“இருக்கிற ஆபத்தெல்லாம் டொக்டர் சொன்னவர். உன்னைச் சொல்ல மறந்துபோனார்.”

“திரும்பப் போடப்போறியளோ அக்கா?”

“போடுவன். அது எனக்கு ஒத்துவந்த மருந்து. பாமசிக்கு இனி நானே போறன்.”

பஸ் படி ஏற அவளுக்கு ஒரு கை வேண்டும். வருகிற கிழமைகளில் உப்புப் பார்க்கவும் ஆள் வேண்டும். போ என்று அவள் சொல்லவில்லை. நான்தான் பையை எடுத்தேன்.

அடுத்த நாள் காலை மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகு புறப்படத் தயாராக நின்றது. “ஐஸ் போடத் தெரியுமோ?” என்று கேட்டார் படகுக்காரர். ஓம் என்றேன். ஐஸ் அள்ளும் சவளைக் கையில் தந்தார்.