டிராகன் சாகாத திருவிழா

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையில் உள்ள சிறிய கத்தோலிக்க ஊர். ஒவ்வொரு மே மாதமும் திருவிழாவின் கடைசி நாளன்று கோயில் எதிரே நாடகம் நடக்கும். கதை வருடத்துக்கு வருடம் மாறினாலும் முடிவு மாறாது. சம்மனசு, அதாவது வானதூதர், இறங்கி வந்து டிராகனை ஈட்டியால் குத்துவார். ஜனம் கைதட்டும், திரை விழும். கோயில் பீடத்திலும் அதே காட்சி சுரூபமாக நிற்கிறது. காலடியில் மிதிபடும் அந்த டிராகன்தான் பசாசு என்பது ஞானோபதேச வகுப்புக்குப் போன எல்லாருக்கும் தெரியும்.

அந்த முடிவை மாற்றியவள் என் தங்கை. வருடம் 2003. ஊரில் சிலர் 2004 என்கிறார்கள், அது தவறு. ஏரி இரண்டாவது கோடையாக வற்றிக் கிடந்தது. தங்கை திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு கல்வியாண்டு முடித்திருந்தாள். இரண்டும் பொருந்துவது 2003இல்தான்.

நான் அப்போது விழுப்புரத்தில் அலுவலக வேலையில் இருந்தேன். ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் சீன நாட்டுப்புறக் கதைகளின் தொகுப்பு ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. அந்த வருட நாடகத்தை எழுதும் பொறுப்பில் இருந்த தங்கைக்குக் கொடுத்தேன். அதிலிருந்து ஒரு கதையை எடுத்து நாடகமாக்குவாள் என்று நினைத்தேன். அவளோ எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத் தன் கதையை எழுதினாள்.

நான் படித்த சாகசக் கதைகளில் நாயகன் வாளோடு புறப்படுவான். அவள் கதையில் பதினாறு வயதுப் பெண் ஒரு சொம்போடு புறப்பட்டாள். மழையை ஆளும் முத்து டிராகனின் வாயில் இருக்க வேண்டியது. பனிமலை அரசன் அதைத் திருடி வைத்திருக்கிறான். அதை மீட்டு டிராகனிடம் சேர்க்க வேண்டும். வழித்துணையாக ஒரு நரிப்பெண் வருகிறாள். அவள் சொல்வதெல்லாம் பொய். அவள் காட்டும் திசைக்கு எதிர்த்திசையில் நடந்தே நாயகி பாதி மலை ஏறிவிடுகிறாள். பிறகு ஒரே ஒரு தடவை, இரக்கப்பட்டு, நரி உண்மை சொல்கிறது. அன்றைக்கு நாயகி நம்பவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது கையெழுத்துப் பிரதியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒத்திகை ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. தேர் ஜோடிக்கிறவர்கள் மூங்கிலை வளைத்து டிராகன் தலை செய்தார்கள். யூரியாச் சாக்குகளைத் தைத்து, ஜிகினாத் தாளில் செதில் வெட்டி ஒட்டிய உடம்புக்குள் ஆறு பையன்கள் நுழைந்துகொண்டார்கள். விழாக் குழுத் தலைவர் பார்க்க வந்தார். அம்மா வழியில் உறவு. நாங்கள் மாமா என்போம்.

"ஏம்மா, பசாசு வாயில முத்தைக் குடுத்து அனுப்புறியா?"

"சீனாவுல அது பசாசு இல்ல மாமா. மழை குடுக்கறது."

"சீனாவுல இருக்கட்டும். நீ ஆடப்போறது நம்ம கோயிலுக்கு எதிர்ல. கடைசியில ஒரு குத்து. அவ்ளோதான் கேக்குறேன். ஜனம் சந்தோசமா வூட்டுக்குப் போவும்."

சாக்குக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா, குத்தறதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. உள்ள நாங்க இருக்கோம்."

தங்கை சிரிக்கவில்லை. "குத்தினா கதையே இல்ல மாமா" என்றாள்.

மாமா டிராகனின் மூங்கில் கொம்பைத் தட்டிப் பார்த்தார். "சரி, உன் இஷ்டம். திரைக் கயிறு என் கையிலதான் இருக்கும். ஜனம் சத்தம் போட்டுதுன்னா பாதியில இறக்கிடுவேன். அப்புறம் அடுத்த வருசத்துலேர்ந்து பழைய நாடகம்தான். உன் கதைங்கள நீயே வச்சிக்கோ."

அவள் சம்மதித்தாள்.

திருவிழா அன்று மாலைப் பூசை முடிந்ததும் நாடகம் தொடங்கியது. நாயகியாக நடித்தவள் பிளஸ் ஒன் மாணவி, கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண். நரிப்பெண்ணின் பொய்களுக்கு ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நாயகி முத்தைத் திருடிக்கொண்டு ஓடியபோது குழந்தைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். டிராகன் மேடைக்கு வந்ததும் எல்லாம் மாறியது.

நாயகியைத் துரத்தி வரும் மலைக் காவலன், டிராகனைக் கண்டதும் ஈட்டியைக் கீழே வைத்து மண்டியிட வேண்டும். எழுதியிருந்தது அப்படித்தான். அந்த வேடத்தில் இருந்தவர் திண்டிவனத்தில் லாரி மெக்கானிக். வருடக்கணக்காக எங்கள் ஊர்ச் சம்மனசு அவர்தான். அவர் கையில் ஈட்டி, எதிரே டிராகன். ஜனத்துக்கு வேறென்ன தோன்றும்?

"குத்துண்ணே. இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்க?"

"ஜல்தி முடிண்ணே."

அவர் கை தானாக உயர்ந்தது. பக்கவாட்டில் மாமா கயிற்றை இறுக்கிப் பிடித்தார். மேடையோரம் என் அருகே நின்றிருந்த தங்கை மேடைக்குள் போகவும் இல்லை, வசனத்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. இனி அது நாயகியாக நடித்த பெண்ணின் மேடை என்பதுபோல் கையிலிருந்த பிரதியை மூடிவிட்டாள்.

அந்தப் பெண் ஈட்டிக்கும் டிராகனுக்கும் நடுவில் வந்தாள். எழுதிக் கொடுத்த செந்தமிழை விட்டுவிட்டாள். சொம்பைக் கவிழ்த்து ஜனத்துக்குக் காட்டினாள்.

"ஒரு சொட்டு இல்ல. வூட்லயும் இல்ல, ஏரியிலயும் இல்ல. ரெண்டு வருசமா எல்லாரும் பார்த்துக்கினுதான இருக்கீங்க. இத்த குத்திட்டா அப்புறம் யாரு ரொப்புவாங்க? நீங்களாண்ணே?"

மெக்கானிக் ஈட்டியையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எங்கம்மா ரொப்புறது" என்று சொல்லி ஈட்டியைக் கீழே வைத்தார்.

மைதானம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு யாரும் குத்தச் சொல்லவில்லை. அவள் முத்தை டிராகனின் வாயில் வைத்தாள். மாமா கடைசி வசனம் வரை காத்திருந்து, இறக்க வேண்டிய இடத்தில் திரையை இறக்கினார்.

அன்று மழை பெய்தது என்று இப்போது சொல்கிறவர்கள் உண்டு. பெய்யவில்லை. நடந்தது வேறு. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள். தேரைத் தொட்டு முத்தி செய்வதுபோல் டிராகனின் கொம்பைத் தொட்டு விரலை முத்தமிட்டார்கள். தங்கை பதறிப்போய் முன்னால் நின்ற பெண்ணிடம் சொன்னாள்.

"அக்கா, இது சாமி இல்ல."

"தெரியும்மா" என்றார் அந்தப் பெண். "கொழந்த இத்த பார்த்து பயந்துக்கினே இருந்துது. இப்ப தொடுது பாரு."

மறுநாள் காலை பையன்கள் மூங்கிலைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். மாமா வந்தார்.

"தலைய உடைக்காதீங்கடா. தேர் ரூம்ல வைங்க. அடுத்த வருசத்துக்கு வேணும்ல."

கொம்பு கதவில் இடித்தது. தங்கைதான் முன்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள்.