இஸ்திரிப் பெட்டிக்கு விழுந்த ஓட்டுகள்

என் வீட்டில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு பித்தளை இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. கரி போட்டுச் சூடேற்றுகிற பழைய பெட்டி. மூடியின் கொக்கியில் ஒரு சின்னச் சேவல் நிற்கும். அதைப் பிடித்துத் தூக்கினால்தான் பெட்டி திறக்கும். மரப்பிடியில் என் கை பட்டுப் பட்டு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. இப்போது நான் கேஸ் பெட்டியில்தான் துணி தேய்க்கிறேன். கரி முன்போல் கிடைப்பதில்லை. புகை வந்தால் எதிரில் இருக்கும் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கத்துகிறார். என் மகள் வீடு பெருக்கும்போதெல்லாம், "எதுக்குப்பா இத எடத்த அடைச்சிக்கினு வெச்சினுகீற?" என்று கேட்கிறாள். எங்கள் தலைவரை மாநகராட்சிக்குள் அனுப்பியது அந்தப் பெட்டிதான். அவரைத் தோற்கடித்ததும் அதுதான்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எங்கள் வார்டில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். பிறகு மல்லேஸ்வரத்தில் ஒரு குறுக்குத் தெருவில், புங்கமரத்தடியில் அப்பாவின் தள்ளுவண்டியில் நின்றவன்தான், இன்னும் அங்கேயே நிற்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். துணியைப் பார்த்துக்கொண்டே நாள் முழுவதும் வேலை செய்யலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட நான் ஒரு கட்சியில் இருந்தேன் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

தலைவர் தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பின் தெருவில் குடியிருந்தார். வாரத்துக்கு இரண்டு வெள்ளைச் சட்டை கொண்டுவந்து கொடுப்பார். காவிரித் தண்ணீர்ப் பிரச்சினை எழும்போதெல்லாம் எங்கள் பக்கம் கடைகள் மூடிக்கொள்ளும். தமிழ் எழுத்து இருந்த போர்டுகள் மேல் சாக்கைக் கட்டுவோம். பஸ்ஸில் தமிழ் பேசாமல் சும்மா உட்கார்ந்து வருவோம். அப்படி ஒரு முறை என் வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நின்றபோது, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பால்கார அம்மா, "இல்லி இடு மகா" என்று தன் மாட்டுக் கொட்டகைக்குள் அதை நிறுத்தச் சொன்னார். கலவரம் அடங்கிய பிறகு தலைவர் என் வண்டி அருகே நின்று சொன்னார்: "எத்தினி நாளைக்குப்பா மாட்டுக் கொட்டாயில ஒளியறது? அந்தம்மா நல்லவங்க, அதுனால தப்பிச்ச. நமக்குன்னு கேக்கறதுக்கு ஒருத்தன் உள்ள போயி உக்காரணும்."

அதுதான் கட்சியின் தொடக்கம். டீக்கடை மாடியில் ஒரு அறை, இரண்டு பெஞ்சு, ஒரு கொடி. மேடையில் தலைவர் யாரையும் திட்டியதில்லை. "நாம இங்க விருந்தாளியும் இல்ல, சண்டைக்கு வந்தவனும் இல்ல. பங்காளி" என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். அதைத் தமிழில் ஒரு முறையும் கன்னடத்தில் ஒரு முறையும் சொல்வார். அவர் கன்னடம் மிக நன்றாக இருக்கும். அதனாலேயே எங்களில் சிலருக்கு அவர் மேல் சந்தேகம். கன்னடக்காரர்களிலும் சிலருக்குச் சந்தேகம்.

பெரிய கட்சிகளுக்குச் சின்னம் நிலையாக இருக்கும். எங்களுடையதைப் போன்ற சின்னக் கட்சிக்கு அது கிடையாது. ஒவ்வொரு தேர்தலிலும் மிச்சம் கிடக்கும் சின்னங்களில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் தேர்தலில் தலைவர் நேராக என் வண்டிக்கு வந்து, சூடாக இருந்த பெட்டியைக் காட்டி, "இதான்யா நம்ம சின்னம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் முதல் அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் தெருத் தெருவாகப் போனேன். பேச வேண்டியதில்லை, தூக்கிக் காட்டினால் போதும் என்று அவர் சொன்னதால்தான் போனேன்.

எங்கள் தெருக்களில் பாதிப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் அதுவரை ஓட்டுப் போடப் போனதே இல்லை. தலைவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, பட்டன் எங்கே இருக்கும், விளக்கு எங்கே எரியும் என்று சொல்லிக் கொடுத்தார். அச்சடித்த படத்தில் இருந்தது வயரோடு கூடிய கரண்டு இஸ்திரிப் பெட்டி. சந்தையில் பூ விற்கும் அம்மா ஒருவர் அந்தப் படத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாலு கீது. ஒன்னுதுக்கு வால் இல்லியேப்பா. எதுக்குக் குத்தறது?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. தலைவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் போன இடமெல்லாம், "வால் வெச்ச இஸ்திரிப் பெட்டிம்மா, மறந்துடாதீங்க" என்று சொல்லத் தொடங்கினார். குழந்தைகள்கூட அதைச் சொல்லிக்கொண்டு விளையாடின. அவர் ஜெயித்தார். எங்கள் கட்சியில் ஜெயித்தது அவர் ஒருவர் மட்டும்தான்.

உள்ளே எதிர்க்கட்சி வரிசையின் கடைசியில் அவருக்கு இடம். பெரிய எதிர்க்கட்சியும் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. எழுந்தால் உட்காரச் சொல்வார்களாம். உட்கார்ந்து மறுபடியும் எழுவாராம். அவர் கேட்டதெல்லாம் சின்ன விஷயங்கள்தான்: சாக்கடை, தண்ணீர், பட்டா. ஆனால் மனதில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், மூடிவிடலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் தடுத்துவிடுவார். "நான் உள்ள இருக்கற வரைக்கும் அந்த வாசல்ல பூட்டு தொங்காது" என்பார். என் மகளை நான் அங்கே சேர்க்கவில்லை. இங்கிலீஷ் பள்ளியில்தான் சேர்த்தேன். அவருக்கு அது தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த தேர்தல் வந்தது. இஸ்திரிப் பெட்டியை இன்னொருவரும் கேட்டிருந்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அது அவருக்குப் போய்விட்டது. எங்களுக்குக் குடை. அந்த ஆளை எங்கள் தெருக்களில் யாரும் பார்த்ததில்லை. ஓட்டுக் கேட்டும் அவர் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்காக நாங்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போயிருந்தோம்.

தலைவர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். "இந்த வாட்டி குடைம்மா, குடை" என்று தொண்டை கட்டும் வரை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். "பாவம், வயசாயிடிச்சி, வெயிலு தாங்கல" என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர், "நீ குடைய மடக்கிக்கினு நெழல்ல உக்காரு தலைவரே. நம்ம பொட்டிய நாங்க வுட்ருவமா?" என்றார். தலைவர் அவரை உட்காரவைத்து முதலிலிருந்து விளக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்து, கையால் துணி தேய்ப்பதுபோல் செய்து காட்டினார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. என் வண்டியைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பழைய சின்னம்தான் ஞாபகம் வரும். ஓட்டுப் போடும் நாள் வரை வண்டியைக் கட்டிப் போட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். நானாகப் போய் அவரிடம் பேசியது அநேகமாக அந்த ஒரு முறைதான். அவர் கோபப்பட்டார். "ஒம் பொழப்ப மூடி எனக்கு ஒரு ஓட்டு வேணாம். பேசாம போயித் துணியத் தேய்" என்றார்.

தோற்றுப் போனார். பெரிய கட்சிக்காரர் ஜெயித்தார். முகம் தெரியாத அந்த இஸ்திரிப் பெட்டிக்காரருக்கு எங்கள் தெருக்களில் விழுந்த ஓட்டு எங்கள் பக்கம் வந்திருந்தால் தலைவர் ஜெயித்திருப்பார். எண்ணி முடித்த அன்று மாலை அவர் வீட்டு வாசலில் கூட்டமாக நின்றோம். பூக்கார அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "எங்க தெருவு பூரா ஒனக்குத்தாண்ணா போட்டோம். காலைல மொத ஆளா போயி நின்னேன். வால் வெச்ச பொட்டிய நல்லாப் பாத்துத்தான் குத்துனேன். எவன் நம்மள ஏமாத்துனான்?" என்றார்.

தலைவர் அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "தெரியும்மா. நீ எனக்குத்தான் போட்ட" என்றார்.

அன்றே கட்சிக்குள் சண்டை வந்தது. எங்கள் செயலாளர் வங்கியில் வேலை பார்த்தவர், படித்தவர், தலைவர் மேல் உயிராக இருந்தவர். மாடி அறையில் அவர் கேட்டார்: "அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடணும் தலைவரே. சொல்லலன்னா அடுத்த வாட்டியும் அதையேதான் குத்துவாங்க. ஏமாத்திட்டாங்கன்னு வேற ஊரெல்லாம் சொல்லினு கீறாங்க." தலைவர் சொன்னார்: "மொத மொதல்ல வாசல் தாண்டி வந்து ஓட்டுப் போட்டவங்கப்பா. 'ஒன் ஓட்டாலதான் நான் தோத்தேன்'னு போயிச் சொன்னா, அப்புறம் வருவாங்களா? அந்தம்மா என் மூஞ்சில முழிக்குமா?" செயலாளர், "அப்ப அவங்க மனசு பெருசா, கட்சி பெருசா?" என்று கேட்டார். எனக்கு இருவர் பேச்சும் சரியாகவே பட்டது. இன்றைக்கும் அப்படித்தான். யாராவது என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

செயலாளர் அந்த வருடமே பெரிய கட்சி ஒன்றுக்குப் போய்விட்டார். இளைஞர்கள் அவர் பின்னால் போனார்கள். மாடி அறையில் இப்போது ஒரு மொபைல் ரிப்பேர் கடை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். தலைவர் அந்த வழியாக நடப்பதை விட்டுவிட்டார். சட்டை கொடுக்க என் வண்டிக்குச் சுற்றிக்கொண்டு வருவார். அரசியல் பேச மாட்டார். ஒரு நாள் மட்டும், "குடைய அவங்க வெயிலுக்குன்னே நெனச்சிட்டாங்க இல்ல?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அவர் இறந்த அன்று கட்சி என்று சொல்ல எதுவும் மீதியில்லை. கொடி கூடக் கிடைக்கவில்லை. அவரைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா என்னைத் தேடிப் பிடித்தார். "பொட்டி எங்கடா? போயி எடுத்தா. சின்னம் இல்லாம அவர எப்படி அனுப்பறது?" என்றார். போய் எடுத்து வந்தேன். திரும்பி வந்தபோது செயலாளர் வந்திருந்தார், தோளில் வேறு கட்சித் துண்டு. அவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். இந்த மனிதரை வீழ்த்திய பொருளை அவர் தலைமாட்டில் எப்படி வைப்பது என்று அப்படியே நின்றுவிட்டேன். சுற்றிலும் அத்தனை பெண்கள் காத்திருந்தார்கள். செயலாளர் வாய் திறந்தால் ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். அவர் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். குனிந்து, தலைவரின் தலைக்கு அருகே அதை வைத்தார். வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். பூக்கார அம்மா மல்லிகைச் சரத்தைச் சேவலின் கழுத்தில் சுற்றிக் கட்டினார்.

மாநகராட்சித் தேர்தல் நடந்து பல வருடங்களாகிவிட்டன. இன்று வரும், நாளை வரும் என்கிறார்கள். பூக்கார அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் என் வண்டியைக் கடக்கும்போது நின்று, "எலக்சன் எப்பப்பா? நம்ம பொட்டி நிக்குதா?" என்று கேட்பார். நான் கேஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "பொட்டி வூட்ல பத்திரமா கீதும்மா" என்று சொல்வேன். அவருக்கு அது போதும். தலையாட்டிவிட்டுப் போவார். ஆயுதபூஜைக்குப் புளி போட்டு அந்தப் பெட்டியைத் தேய்க்கும்போது சேவலின் கழுத்தில் விரல் இடறும். மல்லிகை கட்டிய நார் இன்னும் அங்கே இருக்கிறது. அதைச் சுற்றித் தேய்த்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.