கட்டிவைத்த கன்று

அன்று காலை மாட்டுக் கொட்டகையில் இருந்தது நான், என் வீட்டுக்காரி, அவள் அண்ணன், மூன்று பேர்தான். ஏழரை மணிக்குப் பசு கன்று போட்டது. கிடேரி.

பெண் கன்று என்று பார்த்ததும் மாட்டுக் கடன் தீர்ந்தது என்றே நினைத்தேன். பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்துகொண்டு, ஜெலாப்பாங் தொழிற்சாலைச் சம்பளத்தில் மாடு வாங்கியவன் நான். பாதிப் பணம்தான் கொடுத்திருந்தேன். முதல் கன்று கிடேரியாக இருந்தால், பால் மறந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுவதாக மாட்டை விற்றவர் சொல்லியிருந்தார்.

கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடிப் போனது. நான் இழுத்து வந்து தூணில் கட்டினேன். நஞ்சுக்கொடி விழுவதற்கு முன் பால் குடித்தால் கன்றுக்குக் கழிச்சல் வரும் என்று தோட்டத்தில் கேட்டு வளர்ந்தவன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. காதில் விழுந்ததை நம்பித்தான் பிழைப்பு.

“விடுங்க லா, பாவம், கத்துது,” என்றாள் வீட்டுக்காரி.

“கழிச்சல் வந்தா நீ பாப்பியா?”

“ஒம் பிள்ள பொறந்தப்பகூட நீ இவ்ளோ பயப்படல மச்சான்,” என்று அவள் அண்ணன் சிரித்தார்.

நஞ்சுக்கொடி விழ மாலை ஆகிவிட்டது. அதுவரை பால்மாவைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தேன். அவிழ்த்து விட்டபோது கன்றுக்குச் சப்பவும் தெம்பில்லை. காம்பை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது. மடி கல்லாக இறுகியிருந்ததால் பீய்ச்சினோம். மஞ்சளாக, கெட்டியாக வந்த சீம்பாலில் கூலா மெலாக்கா வெல்லம் போட்டு வீட்டுக்காரி அவித்தாள். லயம் முழுக்கப் பங்கு போனது. கன்றுக்கு மறுபடியும் பால்மாதான். நானும் இரண்டு துண்டு தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதை எழுதவே கூசுகிறது.

மூன்றாம் நாள் கன்று வெள்ளை வெள்ளையாகக் கழிந்தது. கால்நடை அலுவலகத்திலிருந்து வந்த பெண் கன்றின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

“சீம்பால் எப்ப குடிச்சிச்சு அண்ணே?”

கட்டிவைத்ததையும், அவிழ்த்தபின் அது சப்பாமல் நின்றதையும் சொன்னேன்.

“வயித்துல இருக்கறப்ப கன்னுக்குத் தாய்கிட்டருந்து நோய் எதிர்ப்பு வராது அண்ணே. சீம்பால்லதான் வருது. பொறந்து சில மணி நேரத்துக்குள்ள குடிச்சாதான் குடல் அத ரத்தத்துக்கு எடுத்துக்கும். ஒரு நாள் போச்சுன்னா அந்த வழி அடைஞ்சிரும். கிருமி எல்லாக் கொட்டாயிலயும் இருக்கும். இதுகிட்ட அதத் தடுக்க ஒண்ணுமில்ல.”

“இப்ப பீய்ச்சிக் குடுத்தா?”

“இனிமே குடுத்தாலும் ரத்தத்துல ஏறாது அண்ணே.”

ஊசி போட்டாள். உப்புநீர் கலக்கிக் கொடுக்கச் சொன்னாள். மறுநாள் விடியும்போது கன்றின் காது சில்லிட்டிருந்தது. செம்பனை மரத்தடியில் புதைத்தோம். பசு இரண்டு நாள் கத்தியது. பாம்பு வருமோ, மழையில் நனையுமோ என்று எதற்கெல்லாமோ பயந்தேன். நான் போட்ட கட்டுக்கு ஒரு நிமிடமும் பயப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டை விற்றவர் வந்தார்.

“அடுத்த கன்னுல கழிச்சிக்கலாமா அண்ணே?” என்றேன்.

“அடுத்த வருசம் யாரு இருக்கா, யாரு இல்ல. காசாவே குடுத்துடு தம்பி.”

மீதி இரண்டாயிரத்து நானூறு ரிங்கிட்.