திங்கட்கிழமை ஏற்றம்

செவ்வாய்க்கிழமை காலை அப்பா போனில் கூப்பிட்டார். "மாமா போயிட்டாரும்மா" என்றார். நான் நம்பவில்லை. "எங்க போனாராம், ஸ்ட்ராபெரி வாங்கவா? போன அவர்கிட்ட குடுங்கப்பா. இந்த ஏமாத்து வேலையெல்லாம் வேற ஆள்கிட்ட வச்சுக்கச் சொல்லுங்க" என்றேன். என்மேல் தப்பில்லை. செத்தவர் மாதிரி கண்ணைச் செருகி, வாயைப் பிளந்து கிடந்து, நான் அலறியதும் "மாலை எங்கடி?" என்று எழுந்து உட்கார்ந்த மனிதர் அவர். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கருமாதி அன்று லயத்துச் சொந்தங்கள் நீங்கள் என்னைப் பேசச் சொன்னீர்கள். வாயாடிக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

லோரி குணா என்றால் இந்த மலையில் கம்போங் ராஜாவிலிருந்து பிரிஞ்சாங் வரை எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லோரியை ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, செவ்வாய், வியாழன், சனி என்று டவுனில் இருக்கும் டயாலிசிஸ் சென்டருக்கு அப்பாவின் காரில் போனார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டும் கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதிப்பார். "மச்சான், வளைவுல கியர மாத்துங்க. இது கார், கட்ட வண்டி இல்லலா" என்பார். டயாலிசிஸ் மெஷினுக்கு அவர் வைத்த பெயர் 'சின்ன வீடு'. "வாரம் மூணு நாளு சின்ன வீட்டுக்குப் போறேன்" என்று அத்தையைச் சீண்டுவார். "போங்க, போங்க. அவதான் ஒங்க ரத்தத்த உறிஞ்சுறா. நான் இல்லன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்பார் அத்தை.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். மற்ற நாள்களில் ஒரு நாள் இடைவெளி. ஞாயிறும் திங்களும் மட்டும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். பொட்டாசியம் ஏறும். இதயம் அத்தனையையும் சுமக்கும், சில நேரம் தாளமே தப்பிவிடும். "திங்கக்கெழமதான் நாங்க பயப்படுற நாளும்மா" என்றார். நான் மாமாவிடம் வந்து, "ஏழை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. அந்த ஒன்றுதான் உங்கள் எதிரி" என்று கணக்கு ஆசிரியர் குரலில் சொன்னேன். "ஏழைய வகுத்தா என்னம்மா மிச்சம் இருக்கும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "திங்கக்கெழம நான் ஃபுல் லோட்டு, பொண்ணு. ஏத்தத்துல நிக்கிற லோரி. செவ்வாக்கெழம எறக்குனாதான் எஞ்சின் மூச்சு விடும்."

நம் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் யாருக்கும் இது புரியவில்லை. ஊசி குத்தாத நாள் நல்ல நாள் என்றே எல்லோரும் நினைத்தோம். "குணாவுக்கு ஞாயிறு, திங்கள் லீவுதானே" என்று பெயர் வைப்பது, பெண் பார்ப்பது, விருந்து எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளுக்கே தள்ளி வைத்தோம். அன்புதான், வேறென்ன? நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யார் போவார்கள்? தேங்காய் விளையாத இந்தக் குளிரில், கீழேயிருந்து ஏற்றி வந்த இளநீரைத் தேடி வாங்கி, "ஒடம்புக்குக் குளிர்ச்சி" என்று கொண்டுவந்தோம். இளநீரில் பொட்டாசியம் என்று நான் கத்தினால், "மருந்துக் கடைக்காரி மாதிரி பேசாதடி" என்று என்னைத்தான் விரட்டினீர்கள்.

மாமா போவதற்கு முந்தின ஞாயிறு மாரியம்மன் கோவில் திருவிழா. நான் மாமாவின் காவல்காரி. மோர்ப் பந்தலைக் கடக்கும்போது முன்னால் நின்று மறைத்தேன். நாக்கு வறண்டவருக்கு ஓர் ஐஸ் துண்டு மட்டும் கொடுத்தேன். "அம்மனுக்குக்கூட அபிஷேகம் பண்றாங்க, எனக்கு ஒரு மடக்கு இல்லையா?" என்றார். ஆனால் கூழை நீட்டிய பெரியவர்களை என்னால் எத்தனை பேரைத் தடுக்க முடியும்? பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. விழாவுக்கு வந்த உறவெல்லாம் மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தது. அர்ச்சனைத் தட்டு, வாழைப்பழம், இளநீர், தேத்தண்ணி.

திங்கள் சாயங்காலம் மாமாவால் சாய முடியவில்லை. ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தார். கால் வீங்கிப் பளபளத்தது. அம்மா சென்டருக்குப் போன் செய்தார். டயாலிசிஸ் நாற்காலி எதுவும் காலியில்லை, மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். நான் மாமாவின் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "மாமா, போலாம் வாங்க. இப்பவே போலாம்." அவர் என் தலையில் கை வைத்தார். "விடியட்டும் பொண்ணு. நாளைக்கு நம்ம டர்ன்தானே? வீடு நிறைய சொந்தம். அவங்கள விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

விடிந்தது. பள்ளி விடுமுறை. வழியில், கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த டூரிஸ்டுகளின் கார்கள் சாலையை அடைத்து நின்றன. மாமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அப்பா ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாராம். மாமாவின் கால் இல்லாத பிரேக்கை ஒருமுறை மிதித்ததாம். பிறகு மிதிக்கவில்லையாம். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கூழா, இளநீரா, நெரிசலா என்று அவர் சொல்லவில்லை. நானும் யார் மேலும் பழி போடவில்லை. பழி போட்டால் மாமா திரும்பி வருவார் என்றால், வீடு வீடாக வந்து போடுவேன்.

மாமாவின் நாற்காலி ஒரு வாரம்கூடக் காலியாக இல்லை. கீழ் லயத்து ராஜம்மா அக்காவுக்கு அது கிடைத்திருக்கிறது. அதே செவ்வாய், வியாழன், சனி. போன திங்கட்கிழமை அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். நம்மவர் ஒருவர் இளநீரோடு வந்தார். "அவளுக்கு இன்னிக்கு லீவுதானேம்மா?" என்றார். "லீவு இல்லண்ணே. இன்னிக்குத்தான் ஏத்தம்" என்றேன். கொடுக்காமல் அதைத் திருப்பிக் கொண்டுபோனார்.

மாமா விட்டுப் போனதில் நான் வைத்துக்கொண்டது இந்தத் திங்கட்கிழமையைத்தான். இனி வருகிற எல்லாத் திங்களும் அந்த வாசலில் இருப்பேன். அன்று உள்ளே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "செவ்வாக்கெழம சீக்கிரம் வந்துரும்ல?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மலைமேல் இன்னும் வெளிச்சம் இருந்தது.