மூட்டைக்கு முதலில் தெரிந்தது

ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. 'சவுண்டு' என்றால் தெரியும். வாடகைக்கு விடும் பெரிய அரங்கம் ஒன்றில் மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அவர் பொறுப்பு. மேடையில் யார் ஏறினாலும், பின்வரிசைக்கு மேலே கண்ணாடித் தடுப்புக்குள் அவர் உட்கார்ந்து குமிழ்களைத் திருப்பினால்தான் பேச்சு பேச்சாகக் கேட்கும். அவருக்குப் பாம்புக் காது என்பார்கள். ஸ்பீக்கரில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் அந்தச் சன்னமான அதிர்வை வாசலில் நின்றே பிடித்துவிடுவார். அந்தக் காதின் மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பாட வந்த ஒருவரிடம், "சுருதி ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க" என்று மைக்கிலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அப்படிப்பட்டவருக்கு அறுபதை நெருங்கும் வயதில் ஒரு நாயால் நிம்மதி போயிற்று.

நாய் மகளுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள், கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கிடந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பழுப்பு நிறம், மடிந்த காது, போட்ட இடத்தில் கிடக்கும் சுபாவம். அதனால் 'மூட்டை' என்று பெயர். மகள் இருந்தால் அவள் காலடியில் கிடக்கும், இல்லாவிட்டால் அவள் கட்டிலடியில். சவுண்டை அது ஒரு நாற்காலிக்கு மேல் மதித்ததில்லை. அவரும் அதை ஒரு மிதியடிக்கு மேல் மதித்ததில்லை. இரண்டு பேருக்கும் எந்த வம்பும் இல்லாமல்தான் காலம் ஓடியது.

பிறகு மூட்டை மாறியது. பகலில் மனைவி பல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விடுவாள், மகள் கடைக்கு. அரங்கத்தில் வேலை இல்லாத நாட்களில் சவுண்டு பின்னறையில் உட்கார்ந்து பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் போட்டுப் பற்றவைப்பார். அவர் குனிந்து ஈயத்தை உருக்கும் நேரம் பார்த்து மூட்டை வந்து முழங்காலில் காலை வைக்கும். விரட்டினால் வாசல் பக்கம் ஓடும், திரும்பி வரும், கால்சட்டையைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் கை ஆடி, சூட்டுக்கோல் கட்டைவிரலில் பட்டது.

"உனக்கு என்னதான் வேணும்? சோறு போட்டாச்சு, வெளிய கூட்டிட்டுப் போயாச்சு. இன்னும் என்ன, என் தலையில ஏறி உக்காரணுமா?"

மூட்டை மறுபடியும் காலை வைத்தது.

சாயங்காலம் மனைவியிடம் முறையிட்டார். "பாசம்ங்க அதுக்கு. வீட்ல ஒரு ஜீவனாவது உங்க மேல பாசமா இருக்கேன்னு சந்தோஷப்படுங்க" என்று அவள் சிரித்தாள். மகளும் சிரித்தாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

கால்நடை டாக்டரிடம் கொண்டு போனார். அந்த அம்மா நாயின் வாய், வயிறு, காது எல்லாம் பார்த்தார். "ஒரு குறையும் இல்ல. உங்ககிட்ட என்னமோ சொல்லப் பாக்குது போல."

"என்ன சொல்லப் போகுது? அதையும் நீங்களே கேட்டுச் சொல்லிட்டா நல்லாருக்கும்" என்று முறைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் மூட்டையைக் கொல்லைக் கதவுக்கு வெளியே கட்டினார். அன்றைக்குத்தான் நிம்மதியாக வேலை ஓடியது. மத்தியானம் மனைவி சீக்கிரம் திரும்பியபோது வாசலில் பார்சல்காரர் வியர்க்க வியர்க்க நின்றிருந்தார். உள்ளே மின்சார அடுப்பில் பால் வற்றிப் பாத்திரம் கருகி, அடுப்பின் எச்சரிக்கை மணி அடித்து அடித்து ஓய்ந்துபோயிருந்தது. சவுண்டு பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ பெல் அடிக்கறது? ஆளு உள்ள இருக்கீங்களா இல்லையா?" என்றார் பார்சல்காரர்.

"பெல் ரிப்பேரா இருக்கும்."

"தெருவுக்கே கேக்குது!"

அவர் நாற்காலி போட்டு ஏறி அழைப்புமணியைக் கழற்றினார். அதில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிவந்து மாட்டினார். மகள் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பழசே தேவலப்பா" என்றாள். புதிய மணி ஏன் அவ்வளவு கம்மியாக அடிக்கிறது என்று அவருக்குக் கடைக்காரன் மேல் எரிச்சல்.

அரங்கத்தில் விஷயம் அம்பலமானது ஒரு கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில். தலைவர் பேச எழுந்தார். சவுண்டு குமிழை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்தினாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவர். பிறகு வரிசை வரிசையாகக் கைகள் காதுக்கு ஏறின. மேடையில் தலைவர் வாயை மூடிக்கொண்டு மைக்கைவிட்டு இரண்டடி பின்னால் போனார். கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தபடி சவுண்டு அதையெல்லாம் பார்த்தார். எதற்கென்று புரியவில்லை. அரங்க மேனேஜர் படியேறி ஓடி வந்தார்.

"அண்ணே, மைக் ஊளையிடுதே! கேக்கலையா?"

"கேக்குது, கேக்குது" என்று குமிழ்களை மொத்தமாக இறக்கினார். மைக்கின் மேல் பழியைப் போட்டார், கேபிள் மேல் போட்டார், கடைசியில் கூரையின் மேல் போட்டார். மேனேஜர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அந்த வாரக் கடைசியில் மகள் பேச்சைத் தொடங்கினாள். சில நாட்களாக அவள் மூட்டையைக் கவனித்து வந்திருக்கிறாள்.

"அப்பா, கோவப்படாமக் கேளுங்க. நானோ அம்மாவோ வீட்ல இருக்கும்போது பெல் அடிச்சா மூட்டை எந்திரிக்கறதே இல்ல. நீங்க தனியா இருந்தாத்தான் வருது. அதுவும் உடனே வரல. நேத்து ஜன்னல் வழியாப் பாத்தேன். நான்தான் பெல் அடிச்சேன். அது முதல்ல உங்க மூஞ்சியப் பாக்குது. நீங்க திரும்பலன்னு தெரிஞ்ச பிறகுதான் எந்திரிச்சு வந்து கால வைக்குது."

"அதுக்கு?"

"அதுக்குத் தெரியுதுப்பா. எங்களுக்கே தெரியல, அதுக்குத் தெரியுது. உங்களுக்குக் காது..."

"வாய மூடு. என் காதப் பத்தி நாய்கிட்ட சர்டிபிகேட் வாங்கணுமா நான்?"

"கண்ணு தெரியலன்னு கடைக்கு வர்றவங்க யாரும் இப்படிச் சண்ட போடறதில்லப்பா. காதுன்னா மட்டும் ஏன் எல்லாருக்கும் இவ்வளவு ரோஷம்?"

அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு பின்னறைக்குள் போனார். சாத்துவதற்குள் மூட்டை உள்ளே நுழைந்துவிட்டது.

ஸ்பீக்கர்களைச் சோதிக்க அவரிடம் ஒரு கருவி உண்டு. குமிழைத் திருப்பத் திருப்ப, அடித்தொண்டை முனகலில் தொடங்கி ஊசிபோல் கீச்சிடும் வரை அதிலிருந்து ஒலி ஏறிக்கொண்டே போகும். ஒலி வருகிறதா என்று காட்ட ஒரு முள்ளும் உண்டு. அதை ஸ்பீக்கரில் இணைத்தார். முனகல் கேட்டது. ஏற்றினார், கேட்டது. மூட்டை மூலையில் படுத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஏற்றினார். சத்தம் மெலிந்து, நூலாகி, அறுந்துபோயிற்று. முள் மட்டும் நிமிர்ந்தே நின்றது. ஒயரைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஸ்பீக்கர் கூம்பில் விரலை வைத்தார், நடுங்குவதுபோல் இருந்தது. நிமிர்ந்தபோது முழங்காலில் ஒரு கால் இருந்தது.

குமிழை இறக்கினார். சத்தம் காதில் விழுந்தது, அவர் முகம் திரும்பியது. மூட்டை காலை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தது. ஏற்றினார். எழுந்து வந்தது. கருவி பொய் சொல்லலாம், நாய் தற்செயலாக வரலாம் என்று நான்கைந்து முறை செய்து பார்த்தார். இரண்டும் ஒருமுறைகூட மாறிப் பேசவில்லை.

கையில் இருந்த திருப்புளியைச் சுவரில் எறிந்தார். மூட்டை விலகி நின்றது, ஓடவில்லை. காது போனதைவிட, தன் சோறே அந்தக் காதுதான் என்றிருக்க, அது போவது தனக்குத் தெரியாமல் போய், மிதியடிபோல் கிடந்த ஒரு பிராணி அறிந்திருந்ததே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. விரட்டியதும் கட்டிப்போட்டதும் நினைவுக்கு வந்தன. அதற்காக அதைத் தடவிக்கொடுக்கவும் அன்றைக்கு அவருக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் அவரே போய்ச் சொன்னார். மேனேஜர், "தெரியும்ணே. எப்படிச் சொல்றதுன்னுதான் தயங்கினேன்" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார ஒரு இளம்பெண்ணை எடுத்தார்கள். சவுண்டுக்குக் கேபிள் இழுப்பதும் ஸ்பீக்கர் பொருத்துவதும் மிஞ்சின. அந்தப் பெண் நல்ல கெட்டிக்காரி. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

காது டாக்டர் இரண்டு காதுக்கும் கருவி கொடுத்தார். மாட்டிக்கொண்டதும் தட்டு, கரண்டி, காகிதம் எல்லாம் மண்டைக்குள் வந்து விழுந்தன. மனைவி பேசினால் தகரத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. சங்கீதத்தைக் கேட்கவே வேண்டாம். சரிபார்க்க டாக்டரிடம் போய்ப் போய் வந்தார். "பழகணும், கொஞ்சம் பொறுமை வேணும்" என்றார் டாக்டர். பொறுமையை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தார்.

கருவி காதில் இருக்கும் நேரத்தில் மூட்டை அவர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மகளின் கட்டிலடியே கதி. "வேல முடிஞ்சதும் கழட்டி விட்டுட்டான் பாரு" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். வராதபோது அதுவும் ஒரு குறையாகிவிட்டது.

ஒரு மாலை தகரச் சத்தம் பொறுக்கமுடியாமல் இரண்டையும் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வீடு பஞ்சுக்குள் போனது. யாரிடமும் சொல்லவில்லை. மகள் அறையிலிருந்து மூட்டை வந்தது. அவர் முகத்தை ஒருமுறை பார்த்தது, காலடியில் படுத்தது.

"போடா, ஒண்ணும் தேவையில்ல" என்றார்.

மகள் வாசற்படியில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன சொன்னாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. காலை நகர்த்தப் பார்த்தார், மூட்டையின் கனம் அதன்மேல் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே அப்படியே விட்டுவிட்டார்.