நான் நிறுத்திய புரோட்டான்

மே 14, பிற்பகல் 2.10, அனல்காற்று. நெய்வேலியில் எங்கள் வீட்டில் மகளின் கம்ப்யூட்டர் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வீணாகிறதே என்று அணைத்துவிட்டேன்.

அவள் வந்து சொன்ன பிறகே தெரிந்தது, அது அவளுடைய பிஎச்.டி. கணக்கு. என்சைமுக்குள் ஒரு புரோட்டான் தடையை ஏறிக் கடக்காமல் ஊடுருவிப் போகுமாம். அதை முப்பத்திரண்டு மணிகள் கோத்த மாலையாகப் பாவித்து, ஒன்பது நாளாகக் கம்ப்யூட்டர் கணித்துக்கொண்டிருந்ததாம்.

பதறிப்போய்க் கேட்டேன்: "எல்லாம் போச்சாம்மா?"

"நாப்பது நிமிஷக் கணக்குதான்பா போச்சு. மணிக்கு ஒரு தடவை சேவ் ஆகற மாதிரி வச்சிருக்கேன்."

"கரண்ட் கட் ஆகும்னா?"

"நீங்க வீட்ல இருக்கீங்களேன்னு!" என்று சிரித்தாள்.

என்னை மாற்ற முயலாமல், என் குணத்துக்கும் இடம் விட்டு வேலை செய்திருக்கிறாள். அந்த முறை கரண்ட் பில்லை முணுமுணுக்காமல் கட்டினேன்: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய்.